மூன்று சொல் என்னுடையவை

இன்று காலை சுபஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. "இன்று கடலுக்குப் போக வேண்டாம்." காற்றின் வேகமும் மற்றதும் அதற்குக் கீழே. நீ மவுத்தாகி, உன்னைக் கபுறில் அடக்கி எட்டு மாதம். கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

படகுக்காரர்களுக்கு வானிலை சொல்லும் செயலிக்குத் தமிழ் எழுதும் வேலையைக் கொழும்புக் கம்பனி உனக்குத்தான் கொடுத்தது. நீ பட்டதாரி. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கற்பிட்டியில் போன் திருத்தும் கடை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டி, "நானா, இது என்ன சொல்லுது?" என்று கேட்டதையெல்லாம் பத்து வருடமாகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். எந்தச் சொல்லில் விரல் நிற்கிறது, எங்கே முகம் சுருங்குகிறது, எல்லாம். திரையில் வரும் சொற்களை எழுதுவது ஒரு தொழில், அதற்கு யூஎக்ஸ் ரைட்டிங் என்று பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கொப்பிகளுக்காகத்தான் என்னைக் கூட்டுச் சேர்த்தாய்.

உன் முதல் செய்தி நினைவிருக்கிறதா? "அன்பார்ந்த மீனவப் பெருமக்களே, தங்களின் மேலான கவனத்திற்கு..." பூட்டிய திரையில் அவ்வளவுதான் தெரியும், மிச்சம் வெட்டுப்படும் என்று சொன்னேன்.

"மரியாதையில்லாம எழுத ஏலா மச்சான்."

"காத்து மரியாதை பாக்குமா?"

"நீ போனத் திருத்து. வசனத்த நான் பாக்கிறன்."

பார்த்தாய். அதை அப்படியே அனுப்பினாய். அன்று கடலுக்குப் போன சலீம் நானாவின் படகு கவிழ்ந்தது. மறுநாள் பின்னேரம் வேறு படகுக்காரர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். புதுப் போன் வாங்கக் கடைக்கு வந்தவர் சொன்னார்: "பெருமக்களே எண்டு கிடந்திச்சு. ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க எண்டு நினைச்சிட்டுப் போனன்."

அன்றே மூன்று சொல் எழுதி உன் மேசையில் வைத்தேன்: "கடலுக்குப் போக வேண்டாம்." நீ அதை எடுத்தாய். முன்னால் "இன்று" என்று ஒன்றைச் சேர்த்தாய். வீண் சொல் என்று சண்டை பிடித்தேன். கேட்காமல் அனுப்பினாய், உன் பெயரை மட்டும் போட்டு.

உன் பெயர் மட்டும் போனது, உனக்காக ஓதிச் சோறு கொடுத்த நாற்பதாம் நாள் கத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய தட்டில் வைத்த சஹன் சோற்றைச் சுற்றி இருந்தபோது கம்பனி மனேஜர் உன்னைப் பற்றி, "அந்த வசனம் ஒண்டே போதும், சேர்ட பேர் நிக்கும்," என்றார்.

"அது நான் எழுதினது," என்றேன்.

உன் மச்சினன் என் தொடையில் தட்டினான். "கத்தச் சோத்துல கைய வெச்சிட்டுக் கதைக்கிற கதையா இது, நானா?"

"வேற எங்க கதைக்க? அவன்ட கபுறடியிலயா?"

அடுத்த கிழமை மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். சேர்ட்டிபிகேட் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கொப்பி இருக்கிறது என்றேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினேன். அறுபத்தாறு வயதில் உன் வேலை எனக்கு வந்தது. உன்னால் அல்ல.

போன கிழமை உன் "இன்று"வை எடுத்தெறிய நினைத்தேன். எதை மாற்றினாலும் முதலில் ஒருவரிடம் போனை நீட்டிவிட்டு வாய் பொத்தி நிற்பது என் முறை. அந்தச் சொல் இல்லாமல் சலீம் நானாவிடம் நீட்டினேன்.

"கடலுக்குப் போக வேண்டாமாம்! எங்கட தொழில நிப்பாட்ட இவனுகள் ஆரு?"

உன் சொல்லோடு காட்டினேன்.

"ஓ, இண்டைக்குத்தானே. நாளைக்குப் பாப்பம்."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதினேன். பிடிக்காததை விட்டுவிட்டு எழுத நான் நீயல்ல. சொல் அங்கேயே இருக்கிறது. இப்போது எதையாவது வேண்டாம் என்று எழுதும்போதெல்லாம், எப்போது வரை என்று கேட்டுக்கொள்கிறேன். அதை உன்னிடமிருந்துதான் எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குச் செயலி ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள். செய்த வேலைகளின் மாதிரி கேட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் அந்த வசனத்தை வைத்து, கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மூன்று சொல் என்னுடையவை. 'இன்று' இன்னொருவருடையது."

உன் பெயரை எழுதவில்லை. நீ என் பெயரை எழுதினாயா?