குரங்கின் மேல் போடும் பழி

கடலூர் மத்திய சிறை,
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுபாஷ் எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இங்கே குழம்பில் உப்பு கம்மி, கொசு ஜாஸ்தி. போன வாரம் அம்மா வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் போனாள். உனக்குக் காலேஜில் பரீட்சை என்றாள். நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்.

நம் வக்கீல் உன் மாணவிகளுக்காக நீ யூடியூபில் போட்டிருக்கும் பாடத்தைப் பார்த்தாராம். "உங்க அக்கா நம்ம கேஸுக்குன்னே பாடம் எடுத்துக்கினு இருக்காங்கப்பா" என்று சிரித்தார். ஆண் சிம்பன்சிகள் கூட்டமாக எல்லையைச் சுற்றி வரும், தனியாகச் சிக்கிய வேற்றுக் கூட்டத்து ஆணை அடித்தே கொல்லும், அந்தக் குணம் நமக்கும் வழிவழியாக வந்திருக்கலாம் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? தீபாவளி லீவில் கரியாலூர் அருவிக்குப் போகும் வழியில் எனக்குள் ஏறியது அதுதான் அக்கா. பாவாடை என்கிற அந்த ஜீப்காரன் "வண்டியைப் பின்னால் எடு" என்றதும் கண் இருட்டிவிட்டது. அவன் கண் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. நான் அடிக்கவில்லை. லட்சக்கணக்கான வருஷமாக உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று அடித்தது.

நீ பொய் சொல்ல வேண்டாம். கூட்டமாக இருந்தது, கம்பி யார் கையில் இருந்தது என்று தெரியவில்லை என்று மட்டும் கோர்ட்டில் சொல். காரில் நம்மோடு வந்த செழியன் என்னோடு உள்ளே இருக்கிறான். அஜித் சாட்சிக்குப் பயந்து திருப்பூர் போய்விட்டான். மிச்சம் நீ ஒருத்திதான். இதை வக்கீலிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் தம்பி,
சுபாஷ்


கள்ளக்குறிச்சி,
19.1.2025

அன்புத் தம்பி சுபாஷுக்கு,

அக்கா எழுதுவது. பொங்கலுக்குத் தியாகதுருகம் போயிருந்தேன். அம்மா பானை வைக்கவில்லை. உன் செவலைக் காளைக்கு நானே கொம்பில் வர்ணம் பூசினேன். முட்ட வந்தது. அதற்கு வக்கீல் யாரும் இல்லை என்பதால் ஒரு தட்டுத் தட்டினேன், அடங்கிவிட்டது.

பரீட்சை எதுவும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

உன் வக்கீல் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் குணம் வழிவழியாக வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, மனிதன் நிலத்தையும் தானியத்தையும் சேர்த்து வைக்க ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு வளர்ந்தது என்று சிலர் மறுக்கிறார்கள். சண்டை இன்னும் தீரவில்லை என்றுதான் பாடத்தை முடித்திருக்கிறேன். கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்வது வேறு, அதைச் செய்தவனை விட்டுவிடச் சொல்வது வேறு.

அன்றைக்குக் காலையில் மலையடிவாரத்தில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? "டேய், எறங்குடா" என்று சாவியைப் பிடுங்கினார். உன்னைவிட ஒல்லி. தனி ஆள். நீ கையைக் கட்டிக்கொண்டு "சார், சார்" என்று சிரித்தாய். அங்கே தூங்கிக்கொண்டிருந்த லட்சம் வருஷம், பாவாடையைப் பார்த்ததும் எப்படி முழித்துக்கொண்டது?

இன்னொன்று. பாவாடை "எடு" என்று சொல்லவில்லை. "சார், லோடோட மேட்டுல ஏறிக்கினு இருக்கேன், நிறுத்துனா உருண்டுடும். நீங்க கொஞ்சம் பின்னால எடுங்க" என்றார். உன் கடிதத்தில் அது "எடு" ஆகிவிட்டது. நீ என்ன சொன்னாய் தெரியுமா? "மலையில கெடக்கறவன் எனக்கு ரூல்ஸ் சொல்றியா?" எந்தச் சிம்பன்சியும் இப்படிப் பேசாது. இது நம் வீட்டில் சோறு சாப்பிடும்போது பெரியவர்கள் பேசிப் பேசி நம் காதில் ஏறியது. என் காதிலும்தான் ஏறியது.

அஜித்தும் ஆம்பளைதான். உன்னோடு அதே காரில்தான் வந்தான். தன் சட்டையைக் கழற்றிப் பாவாடையின் முகத்தைக் கட்டினான், அவர் ஜீப்பிலேயே வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இப்போது பயந்து ஓடியிருந்தாலும் அன்றைக்கு ஓடவில்லை.

போன சனிக்கிழமை அவரைப் பார்க்க வெள்ளிமலைக்குப் போனேன். அவர் மனைவி செவ்வந்தி உள்ளே விடவில்லை. "இன்னாத்துக்கு வந்தீங்க? கேஸை வாபஸ் வாங்கச் சொல்லவா?" என்றாள். நான் பார்த்ததைச் சொல்வேன் என்று சொன்னேன். பாவாடை உள்ளேயிருந்தே கேட்டார்: "சொந்தத் தம்பியை யாரும்மா வுட்டுக் குடுப்பாங்க? வூட்டுக்குப் போங்க." நம்பவில்லை. அவர் ஏன் நம்ப வேண்டும்?

நான் சொல்லத்தான் போகிறேன் சுபாஷ்.

அன்புடன்,
அக்கா செந்தமிழ்ச்செல்வி


கடலூர்,
23.2.2025

அக்காவுக்கு,

எனக்குப் பாடம் நடத்தாதே. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க அனுப்பக் கூடாது என்று பெரியப்பா சொன்னபோது, வாசலில் நின்று சண்டை போட்டவன் நான். அன்றைக்கு என் கோபம் உனக்கு இனித்தது. உன்னைத் தினமும் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். மறந்துவிட்டாய்.

பருந்து வந்தால் அணில் தன் உயிர் போனாலும் கத்தி, கூடப் பிறந்ததைக் காப்பாற்றும் என்றும் நீதான் பாடம் எடுத்திருக்கிறாய். அணிலுக்கு இருக்கும் பாசம் உனக்கு இல்லையா? யாரோ ஒருத்தனுக்காகச் சொந்த ரத்தத்தை உள்ளே தள்ளப் பார்க்கிறாய். கூண்டில் ஏறினால் இந்த வீட்டு வாசற்படி மிதிக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

சுபாஷ்


கள்ளக்குறிச்சி,
17.4.2025

அன்புத் தம்பிக்கு,

நேற்று கோர்ட்டில் நீ குனிந்தே நின்றாய். நான் பேசியது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் வக்கீல் கேட்டார்: "நீங்க விலங்கியல் சொல்லித் தர்றவங்க. ஆம்பளைக்கு ஆத்திரம்ங்கறது இயற்கைதானே?"

"இயற்கைதான். ஆனால் அவன் டிக்கியைத் திறந்து, பைகளை எல்லாம் ஒதுக்கி, அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியைத் தேடி எடுத்தான். 'வேணாம்டா சுபாஷ்' என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போய் அடித்தான்."

"யாரு அடிச்சது?" என்று நீதிபதி கேட்டார்.

"என் தம்பி."

வெளியே பாவாடை வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். அவர் பேசியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அம்மா என்னைக் கடந்து போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

நீ எனக்காகச் சண்டை போட்டதை நான் மறக்கவில்லை. அந்தச் சண்டையில் உன் கையில் கம்பி இல்லை. உனக்குக் கோபத்தை அளக்கத் தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அணில் கத்துவது பருந்து வரும்போது. அன்றைக்கு அந்த ரோட்டில் பருந்தாக இருந்தவர்கள் நாம்தான்.

அக்கா


கடலூர்,
5.5.2025

அக்காவுக்கு,

இனி நீ எனக்கு அக்கா இல்லை. மனு போட்டுப் பார்க்க வராதே. கடிதமும் போடாதே.

சுபாஷ்


கள்ளக்குறிச்சி,
14.5.2025

அன்புத் தம்பி சுபாஷுக்கு,

அக்கா இல்லை என்று எழுதுவதற்கும் "அக்காவுக்கு" என்றுதான் உனக்கு ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அது போதும் எனக்கு.

அம்மா கதவைத் திறக்கவில்லை. நான் பின்பக்கமாகப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன். பெரியப்பா தெருவில் நிறுத்தி, "பொம்பளைக்கு இவ்ளோ திமிர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். வழிவழியாக வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பொய் சொல்லி உன்னை வெளியே கொண்டுவந்திருந்தால், அடுத்த முறை நீ கம்பியைத் தூக்கும்போது அதில் என் கையும் இருந்திருக்கும். அது என்னால் ஆகாது. தீர்ப்பு என்னவாக வந்தாலும் நான் சொன்னதை மாற்றமாட்டேன். உனக்கு அக்காவாக இருப்பதையும் விடமாட்டேன். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்கிறார்கள். நான் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

சனிக்கிழமை மனு போட்டிருக்கிறேன். நீ வர மறுத்தால் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வருவேன். திட்ட வேண்டுமென்றால் நேரில் திட்டு. சண்டை போடவாவது வெளியே வா.

உன் அக்கா,
செந்தமிழ்ச்செல்வி