என்னைக் கேட்ட கேள்விகள்

வீட்டுக்காரருக்கு,

தொண்டைக்குள் குழாய் விட்டு எடுத்ததில் குரல் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே பேச முடியாது.

முந்தாநாள் கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்த்துத்தான், "மலம் கறுப்பாப் போகுதாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறா டாக்டர், அதான்" என்றீர்கள். அவரும் தலையாட்டிவிட்டார். அந்த மாத்திரையை நான் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. குமட்டுகிறது, நிறுத்திவிட்டேன் என்று உங்களிடம்தான் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டினீர்கள்.

நேற்றுக் காலை ரத்தமாக வாந்தி எடுத்தேன். குளிக்கிற மக் நிரம்பியது. இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எவ்வளவு என்று என்னைக் கேட்டார்கள். "கொஞ்சம்தான்" என்றீர்கள். அந்த மக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்ததே நீங்கள்தான்.

நர்ஸ் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்றார். கல்யாணமான ஏழு வருஷத்தில் உங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு நான் சொன்னேன்: மாத்திரை இல்லாமலே கறுப்பாகத்தான் போகிறது, வாந்தியில் ஒரு மக் ரத்தம். ஒரு மணி நேரத்துக்குள் இரைப்பைப் புண்ணைக் கண்டுபிடித்து, கிளிப் போட்டு, ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் குழந்தை உதைக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால், "வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கா?" என்று டாக்டர் கேட்பாராம்.

அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் கட்டில்காரி