வாளிக்குள் விழுந்த ஒற்றைக் கல்

கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னமும் புளித்த ரப்பர் பால் வாடை போகவில்லை. நீ இருந்தவரை இந்த வாளியைக் கழுவுவது உன் வேலை. இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. பால் எடுப்பதை விட்டு எத்தனையோ காலமாகியும், அந்த அலுமினிய வயிற்றுக்குள் நாற்றம் அப்படியே குடியிருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.

நீ போய்ப் பத்து மாதம். லயத்தில் என் வீட்டுக்கு அடுத்த உன் காம்பராவில் பூட்டுத் தொங்குகிறது. நீ இருமினால் நான் நடுச்சுவரைத் தட்டி, "செத்துகித்துப் போயிடாத, நாளைக்கு வெறகுக்குப் போகணும்" என்பேன். நீயும் பதிலுக்குத் தட்டுவாய். இப்போதும் சில வேளை என் கை சுவர்ப்பக்கம் போய்விடுகிறது. அப்புறம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டேன். சொல்ல வந்த அன்று நீ விடவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உனக்காக எத்தனை மனு எழுதிய கை இது! நீ சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அரசாங்க ஏஜண்டுக்கு, கச்சேரி ஆபீசுக்கு, தோட்டத்துப் பெரிய தொரைக்கு. இன்றைக்கு உனக்கே எழுதுகிறேன். நேராக விஷயத்துக்கு வரத் தைரியம் போதாது, சுற்றி வளைத்துத்தான் வருவேன். நீ பொறுமை கெட்டவள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

நம் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டுத் திரும்பி வந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு நம் அப்பன் ஆத்தாளிடமிருந்து பிடுங்கியதை, நமக்குக் கல்யாண வயது தாண்டிய பிறகு கொடுத்தார்கள். பிரஜாவுரிமைக் கடுதாசிக்காக நீ கேகாலை கச்சேரிக்கு நடந்த நடைக்கு உன் செருப்புத்தான் சாட்சி. ஒரு தடவை அங்கே இருந்த கிளாக்கர், "பொம்பளைங்களுக்கு எதுக்கு அவசரம், ஊட்டுக்காரன் பேருல வந்தாப் போதாதா?" என்ற மாதிரி சிங்களத்தில் ஏதோ சொன்னான். நீ மேசையில் கையை ஊன்றி, "அபிட்டத் சந்தயக் ஓன, மாத்தயா" என்றாய். எங்களுக்கும் ஒரு ஓட்டு வேணும் ஐயா. பின்னால் வரிசையில் நின்ற கிராமத்துச் சிங்களப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி உன் தோளைத் தட்டினாள். நான் பயந்து உன் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

முதல் தேர்தலில் தோட்டத்து ஓட்டு காட் எல்லாம் கட்டாகத் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டுக்குத்தான் வந்தது. தேர்தல் அன்று லொறிப் படியில் வைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்று காதில் ஓதி அனுப்புவது அவர் திட்டம். நீ முதல் நாளே போய்ப் பொம்பளைகளின் ஓட்டு காட்களை எல்லாம் கேட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு லயம் லயமாகக் கொடுத்தாய். "இத நீங்கதான் வச்சிருக்கணும். சம்பளப் பணமாட்டம் புருசன் கையில குடுத்துப்புடாதீங்க" என்றாய். தலைவர் உன்னோடு ஒரு வருடம் பேசவில்லை. அவர் பேசாதது நிம்மதி என்று நீ சொன்னாய்.

ஆனாலும் அன்றைக்கு என்ன நடந்தது! நம் பெண்கள் பிறந்ததிலிருந்து சம்பளத்துக்கும் கடனுக்கும் கைநாட்டு வைத்தே பழகியவர்கள். ஓட்டுச் சாவடியில் விரலில் மை பூசினார்கள். பூசிய விரலை என்ன செய்வது? சின்னத்துக்குப் பக்கத்தில் அழகாக ஒரு குத்துக் குத்திவிட்டு வந்தார்கள். உன் அம்மா குத்தினாள், என் மாமியார் குத்தினாள். புள்ளடி போட வேண்டிய இடத்தில் கைநாட்டு, எல்லாச் சீட்டும் செல்லாமல் போனது. லொறியில் திரும்பும்போது ஒவ்வொருத்தியும் பெருமையாக அதைச் சொல்லச் சொல்ல, நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் எனக்குத் தெரியாமல் அழுதுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாய். பார்த்தேன். அடுத்த வாரமே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராத் தரையில் சாம்பலைப் பரப்பி, குச்சியைக் கையில் கொடுத்து, கிழவிகளுக்குப் புள்ளடி போடப் பழக்கினாய். காக்காய் கால் மாதிரி குறுக்கும் மறுக்குமாக ரெண்டே கோடு.

காட்டு விஷயத்திலும் உனக்கு அதே பிடிவாதம். நாம் குடம் வைத்துப் பிடிக்கிற பீலித் தண்ணீர் மேல்காட்டு ஊற்றிலிருந்துதான் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்காக யார் சண்டை போட்டார்கள்? ஊற்றுக்குப் பக்கத்தில் புல்லுக்கு மருந்தடிக்க வந்தவனின் மருந்துத் தாங்கியைப் பிடுங்கி வைத்துக்கொண்டவள் நீ. ஊற்றுக்கு மேலே நிற்கும் பெரிய மரத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, அடியில் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்து, முனியாண்டி இறங்கியிருக்கிறார் என்று புரளி கிளப்பியதும் நீதான். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத உனக்கு முனியாண்டியோடு என்ன உறவு என்று நான் கேட்டேன். "கோடாலிக்குப் பயப்படாதவன் சாமிக்குப் பயப்படுவான்டி" என்றாய். அந்த மரத்தை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. சிங்களக் கிராமத்து ஆட்கள்கூட அங்கே விளக்கு வைக்கிறார்கள்.

பிறகுதான் அந்தக் குவாரி முதலாளி வந்தார். மேல்காட்டை வெட்டி, கீழே இருக்கும் கருங்கல்லை உடைக்க வேண்டும். தோட்டத்து ஆட்கள் சம்மதக் கடிதம் கொடுத்தால் பையன்களுக்கெல்லாம் வேலை தருவதாகச் சொன்னார். தலைவர் கூட்டம் வைத்து, வீட்டுக்கு ஒருவர் கையைத் தூக்குங்கள் என்றார். நீ எழுந்தாய். "கையத் தூக்குறது ஓட்டு இல்லீங்க. பக்கத்துல யாரு பாக்குறாங்கன்னு பாத்துக்கிட்டே தூக்குறது அது. தண்ணி சொமக்கிறது நாங்க. நாங்க போடுறோம் ஓட்டு, மறைவா." பழி தன் தலையில் விழாது என்று தலைவருக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

பிள்ளைக்காம்பரா மூலையில் பழைய சேலையை மறைப்பாகக் கட்டினாய். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு ரப்பர் கொட்டை, ஒரு சின்னக் கல். காடு நிற்கட்டும் என்றால் கொட்டை, வெட்டட்டும் என்றால் கல். ஒன்றை உன் பால் வாளியில் போட்டு, மற்றதைப் பக்கத்தில் இருக்கும் சாக்குக்குள் போட்டுவிட வேண்டும். வாளி அலுமினியம், கல் விழுந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்தாய். இதெல்லாம் உனக்கு எங்கிருந்து தோன்றியதோ.

ஒருத்திகூடக் கல்லைப் போடமாட்டாள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். பாயில் கொட்டியபோது நாற்பத்தோரு கொட்டை, ஒரே ஒரு கல். "எவடி அவ?" என்று யாரோ கத்தினாள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், யாரோ ஒரு துரோகியைத் தேடுகிற மாதிரி.

நீ அந்தக் கல்லை எடுத்துக் கொட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாய். "இதுவும் ஒரு ஓட்டுதான். எண்ணுங்க. எவ போட்டான்னு இன்னைக்குக் கேட்டா, நாளைக்கு எவளும் நெனச்சதப் போடமாட்டா."

அதைப் போட்டது நான்.

என் மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறேன் என்று பையைக் கட்டிவிட்டு நின்றான். குவாரி வந்தால் லொறி ஓட்டலாம், ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். மறைப்புக்குப் பின்னால் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் நான் உன்னைப் பற்றி என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, காட்டைக் கட்டிக்கொண்டு அழலாம், எனக்கு அப்படியா என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் போட்டேன்.

காடு நின்றது. மகன் போனான். கொழும்பிலிருந்து கட்டாருக்குப் போய், இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகத்தைக் காட்டுகிறான். ஒவ்வொரு நாளும் அந்தப் பீலியில்தான் தண்ணீர் பிடித்தேன். வறட்சியில் தோட்டத்தின் மற்ற டிவிஷனில் எல்லாம் தண்ணீர் பவுசர் வரும்வரை காத்துக் கிடந்தபோது, நம் பீலி வற்றவில்லை. ஆட்கள் உன்னைக் கும்பிட்டார்கள். எனக்கு உன்மேல் கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. ரெண்டையும் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே சினேகிதி நீதான். உன்னிடம்தான் சொல்ல முடியாது. இப்படி ஒரு தனிமையை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கடைசியில் ஆஸ்பத்திரியில், உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு அந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "ஓட்டப் பத்திப் பேசப்புடாது புள்ள. தண்ணி குடு" என்றாய். கொடுத்தேன். உனக்குத் தெரிந்திருந்ததா, இல்லை வெறும் தாகமா? மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். கேட்க வழியில்லை.

இப்போது அந்த முதலாளியின் மகன் வந்திருக்கிறான். அதே காடு, அதே சம்மதக் கடிதம். நேற்றுப் பின்னேரம் கூட்டம். நம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளே ஒரு பெண், அவள்தான் முன்னுக்கு நின்றாள். கடிதம் கொடுக்க வேண்டாம் என்று எல்லாரும் ஒரே மனசுதானே, கையைத் தூக்கினால் போனில் படம் பிடித்துப் போட்டுவிடலாம், ஊர் உலகமே பார்க்கும் என்றாள். எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்று வாளி வேண்டும் என்றேன்.

"ஏன் பெரியம்மா, நாங்க என்ன பயந்தவங்களா?"

"பயந்தவளும் நம்ம கூட்டத்துல இருப்பா. அவளுக்கும் ஒரு ஓட்டு இருக்கு."

முணுமுணுத்தார்கள், ஆனால் வாளியைக் கொண்டுவந்தார்கள். ஈரச் சாக்கை மறந்துவிட்டார்கள். நானே ஓடிப்போய் நனைத்து வந்து மடித்துப் போட்டேன். கொட்டியபோது மூன்று கல் இருந்தது. "யாரு..." என்று ஒரு குரல் கிளம்பியது. எண்ணுங்கள் என்று அதட்டினேன். எண்ணினார்கள். கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவானது.

வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பின்னால் ஒருத்தி வந்தாள். கடைசி லயத்தில் இருக்கிற பெண், புருசன் மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் ஓட்டுகிறவன், கைப்பிள்ளைக்காரி. என் வாசல்வரை வந்து, "பெரியம்மா, நான் வந்து..." என்றாள். உன் குரல் என் வாயில் வந்தது. "பேசப்புடாது. தண்ணி குடிச்சிட்டுப் போ." குடித்தாள். செம்பை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அந்த முதுகைப் பார்த்தேன். அப்படித்தான் நானும் உன் வார்டிலிருந்து நடந்து வந்திருப்பேன். நீ செய்தது சரி. கேட்கக் கூடாது, சொல்ல வைக்கக் கூடாது. ஆனால் அந்தச் சரி ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் தனியாக நடக்க வைக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் கல்லைப் போட்டதில்லை.

அவளைக் கூப்பிட்டேன். "இந்தா புள்ள, நில்லு. உன்னோடத நீ சொல்ல வேணாம், நான் கேக்கவும் மாட்டேன். என்னோடத சொல்றேன். முன்னால ஒரு தடவ, நாப்பத்தோரு பேரு கொட்டையப் போட்டப்ப கல்லப் போட்டவ நான்."

அவள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பிள்ளை அழும்வரை இருந்தாள்.

அவள் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நடந்ததைச் சொல்லவென்று எழுந்து உன் காம்பராவுக்குப் போய்விட்டேன். பூட்டைக் கையால் பிடித்த பிறகுதான் புத்தி வந்தது.

அதனால்தான் இன்று வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது உனக்கும் சொல்லியாயிற்று. இத்தனை வருடத்தில் நான் எதைச் சொன்னாலும் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். கோபப்படுவாயா, சிரிப்பாயா, அடி போடி என்பாயா என்று நீ வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இதற்கு மட்டும் எனக்குத் தெரியவில்லை.