அப்பாவின் பேச்சு இருந்த கன்டெய்னர்

சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் ஆரம்பிக்கிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அவர் பேச்சு வீட்டைத் தாண்டக் கூடாது என்று நம் கம்ப்யூட்டரிலேயே தனிப் பெட்டி மாதிரி ஓடுகிற ஒரு கன்டெய்னருக்குள், அர்த்தத்தை வைத்துத் தேடித் தருகிற வெக்டர் டேட்டாபேஸ் வைத்துக் கொடுத்தாயே, அது போச்சுடா கண்ணா. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை மாறித்தானே வருகிறது. கடையைச் சாத்து என்றால் விளக்கை அணைக்கணும், பாலத்தை இறக்கு என்றால் தலையணையைத் தாழ்த்தணும். அர்த்தத்தோடு ஒவ்வொன்றாக நான் ஏற்றி வைத்திருந்தேன். ஷட்டரை இழு என்று புதிதாக எதையாவது சொன்னாலும், அர்த்தத்தில் பக்கத்தில் இருப்பதைத் தேடி விளக்கு என்று காட்டிவிடும். அவர் முகம் அப்படியே மலரும்.

திங்கட்கிழமை அது அசையாமல் நின்றுவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டு, அவ்வளவுதான் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, தையல் கோணினால் முழுக்கப் பிரித்துவிட்டுத்தானே மறுபடி தைப்பேன். பழைய கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஏற்றினதெல்லாம் சேர்ந்திருக்கிற வெளி ஃபோல்டரோடு அதை இணைக்கிற நீளமான வரி பழையதுக்குத்தான் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஓடுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. அவர் எதைச் சொன்னாலும் எதுவும் கிடைக்கவில்லை என்றே திரையில் வருகிறது. ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் சூடு கண்ட பூனை நான், தொடமாட்டேன்.

என் பயம் அது மட்டுமில்லை. அப்பா மெஷின் கெட்டது என்று நினைக்கவில்லை, தன் பேச்சுதான் இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். கடை, பாலம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை, தண்ணீர் வேணுமா என்று கேட்டாலும் சுவரைப் பார்க்கிறார். பேசாமல் விட்டால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாளே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் தப்பு என்று தெரிந்தால் இனி என்னையும் நம்பமாட்டாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பார்த்ததும் கூப்பிடு, அந்த வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லு. பட்டினி கிடந்து வேலை பார்க்காதே. நூறு வயசு நன்றாக இருப்பாய். இதை அனுப்பிவிட்டு நேரே அவரிடம்தான் போகிறேன், கெட்டது உங்க வாய் இல்லைங்க, என் கைதான் என்று சொல்லப் போகிறேன்.

பயந்துபோயிருக்கும் உன்
அம்மா