சூடேறாத ஆயில்

அன்பு அப்பாவுக்கு, மூத்தவள் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நல்லாயிருக்கேன்.

போன வாரம் எங்க ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு டாக்டர் தன் ஸ்போர்ட்ஸ் காரோட வந்து, "சிநேகிதன் கார்ல ஆயில் கூலர் இருக்கு, எனக்கும் மாட்டுங்க"ன்னு ஒத்தக்கால்ல நின்னார். அந்தச் சிநேகிதன் பந்தயத்துல ஓட்டுறவர். இவருக்கோ வீட்டுலருந்து ஆஸ்பத்திரி எட்டே நிமிஷம். ஆயில் சூட்டைக் காட்டுற மீட்டரைப் பொருத்தி, "நாலு நாள் ஓட்டிட்டு வாங்க"ன்னேன். எஞ்சின் ஆறுறதுக்குள்ள கைவச்சதுல உள்ளங்கையில சின்னக் கொப்புளம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

நாலு நாளும் ஆயில் முழுசா சூடேறவே இல்லை. "சூடேறாத ஆயிலை இன்னும் குளிரவச்சா எஞ்சின்தான் தேயும், கூலர் வேண்டாம்"னேன். வந்த வியாபாரம் போச்சேன்னு முதலாளி முறைச்சார். சூடேறட்டும்னு பீடி முடியிறவரைக்கும் லாரியை நகர்த்தாம எஞ்சினை ஓடவிடுவீங்களே, அதை நினைச்சுக்கிட்டேன்.

உங்க பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க, வேலைக்கு ஆகும். துவைக்காட்டியும் பரவாயில்லை.

ஷட்டர் தூக்குறாங்க, ஓடணும். நான் போன் பண்ணினா, "சாப்டியா? இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்"னு உடனே கைமாத்திடாதீங்க. எனக்கும் பேச்சு சூடுபிடிக்கப் பத்து நிமிஷமாவது ஆகும்ப்பா.