வேப்பங்குழை கட்டிய படலை

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த ஆசை அக்கா,

நீ செத்துப்போனாய் என்று எனக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள். முதல் தரம் எனக்கு ஒன்பது வயது. இரண்டாம் தரம் போன மாசியில்; இப்போது என் மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறோம். முதல் தரம் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உனக்கு நினைவிருக்கும், கிளிநொச்சியில் காடு வெட்டிக் காணி கொடுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து குடியேறிக் கனகாலம் ஆகவில்லை. ஒருநாள் காலை அம்மா வேலிப் படலையில் வேப்பங்குழை கட்டினார். உனக்கு அம்மாள் வருத்தம், அம்மை போட்டு உடம்பெல்லாம் கொப்பளம் என்று சொல்லி, உன்னைக் காட்டாமலே என்னைப் பக்கத்துக் காணிக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். குழை கட்டிய வீட்டுக்குள் யார் கால் வைப்பார்? இரண்டொரு நாளில் ஐயா ஒரு பாய்ச்சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போவதை வேலிக்குள்ளால் பார்த்தேன்.

"அம்மாள் கொண்டுபோன பிள்ளைக்கு அழக்கூடாது. அவா கோவிப்பா" என்றார் அம்மா. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்கே எனக்கும் அந்த அம்மாள் தெய்வத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனது.

வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கத்து அம்மாள் கோயிலுக்கு ஊரே வண்டில் கட்டிக்கொண்டு போகும். என் வீட்டுக்காரர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார். நான் போகமாட்டேன். கடல் தண்ணீரில் அங்கே விளக்கு எரிகிறதாம். என் அக்காவைக் காய்ச்சலில் எரித்தவளுக்கு அது ஒரு வேலையா என்று கேட்பேன். அவர்கள் கொண்டுவரும் பொங்கல் புக்கையையும் தொடமாட்டேன். "உனக்கும் அம்மாளுக்கும் என்ன எல்லைச் சண்டையோ?" என்று அவர் பகிடி பண்ணுவார். ஐயாவும் அம்மாவும்கூட அந்தக் கோயிலுக்குப் போனதில்லை. ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

மாசியில் ஒரு மத்தியானம் படலையில் ஒரு வயதான மனுசன் வந்து நின்றார். கழுத்தில் செபமாலை. அவர் முதலில் பார்த்தது என் நெற்றியை, சின்னதில் தேங்காய்த் திருவலையில் விழுந்து வந்த தழும்பை. உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, படலையிலை வேப்பங்குழை கட்டு."

"ஆருக்கம்மா வருத்தம்? வீட்டிலை ஒருத்தருக்கும் காய்ச்சல்கூட இல்லையே."

"கட்டு எண்டால் கட்டு."

"கட்ட வேண்டாம் தங்கச்சி, நான் உள்ளுக்கு வரேல்லை" என்றார் அந்த மனுசன். "நாயாத்துக் கடற்கரையிலையிருந்து வாறன். உங்கட அக்கா போன கிழமை மோசம் போயிட்டா. சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் அக்கா செத்து முப்பது வருசமாகிறது என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கட்டிலடிக்குப் போனேன்.

"பாய்க்குள்ளை என்ன இருந்தது?" என்று கேட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன், அக்கா. பெற்ற தாயென்றும் பார்க்கவில்லை.

"வெட்டின வாழைக்குத்தி" என்றார். "கருவாடு விக்க வந்த வேதக்காரப் பெடியனோடை அவள் வெளிக்கிட்டுப் போயிட்டாள். ஊருக்கு என்னத்தைச் சொல்லுறது? உனக்கு ஒரு இடம் பாக்க வேண்டாமே? அம்மாள் கொண்டுபோனா எண்டால் ஒருத்தரும் கேள்வி கேளாயினம்."

"அதுக்கு அம்மாளின்ர தலையிலையோ பழியைப் போட்டனீங்கள்?"

"அவா தாங்குவா. நான் தாங்கமாட்டன்."

அத்தானுக்குப் படலைக்கு வெளியே மரநிழலில் வைத்துத்தான் தண்ணீர் கொடுத்தேன். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கே வைத்துத்தான் உன் கதையைச் சொன்னார்.

"உங்களுக்குக் கலியாணம் ஆகட்டும் எண்டு இருந்தா. அம்மாள் வருத்தத்திலை செத்திட்டா எண்ட கதை எங்கட காதுக்கும் வந்தது. பிறகு, செத்தவள் எப்பிடிப் படலைக்குப் போறது எண்டு கேப்பா. ஆனால் வருசா வருசம் பொங்கலுக்கு அம்மாள் கோயிலுக்குப் போவா. கிணத்தடியிலை நிப்பா. ஆர் வந்தாலும் கால் கழுவ அங்கைதானே வரவேணும், நெத்தித் தழும்பை வைச்சுத் தங்கச்சியைப் பிடிச்சிடுவன் எண்டுவா."

உன்னைக் கொன்றவள் என்று நான் எவளுடைய வாசலை வெறுத்தேனோ, அந்த வாசலில் நீ எனக்காக நின்றிருக்கிறாய். இதை நான் எப்படிப் பொறுப்பேன்? என் பிள்ளைகள் உன்னைக் கடந்துதானே போயிருப்பார்கள்? மூத்தவளுக்கு உன் மூக்கு. பார்த்தாயா?

இந்த வைகாசிக்கு நான் போனேன். கும்பிடுவதற்கென்று போகவில்லை, நீ நின்ற இடத்தில் நிற்கப் போனேன். கிணற்றடியில் ஒரு மரம்கூட இல்லை. கால் கழுவ வந்த ஒவ்வொரு பெண்ணின் நெற்றியையும் பார்த்தேன். என்ன தேடினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

பிறகு உள்ளே போனேன். கடலில் அள்ளி வந்த தண்ணீரில் திரி எரிந்துகொண்டிருந்தது. உன் பக்கத்துத் தண்ணீர். செய்யாத கொலையை முப்பது வருசமாகச் சுமந்தவள் முன்னால் நின்றேன். கை தானாகக் குவிந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அக்கா. விளக்கு எரிந்ததற்காக என்று நினைக்காதே. எங்கள் வீட்டுப் பொய்யைத் தாங்கியவள் என்னையும் தாங்குவாள் என்று பட்டது. உனக்காக அன்றைக்கு அழாத அழுகையை அங்கேயே வாய்விட்டு அழுதேன். அவள் கோவிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் திருநீறு பூசினேன். மாசியிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே சுவரைப் பார்ப்பவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அவள் எவடத்திலை நிண்டவள்?"

"கிணத்தடியிலை."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"வெயிலுக்கையோ?"

"ஓம் அம்மா. வெயிலுக்கைதான்."

சேலைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். நான் அதைப் பிடித்து இழுத்தேன். அம்மா உன் பெயரைச் சொல்லி அழுதது பக்கத்துக் காணி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பொய்க்கு இனி எங்கள் படலையில் குழை ஏறாது. வருகிற வைகாசிக்கு அம்மாவை முதலில் நாயாற்றுக்கு, உன்னைப் புதைத்த மணலுக்குக் கூட்டி வருவேன். அங்கிருந்து கிணற்றடிக்கு. அவரால் முடியாவிட்டால் நான் தனியே வருவேன். தழும்பு நெற்றியில்தான் இருக்கிறது, இனி ஒரு வருசமும் தவறமாட்டேன்.

நீ வெயிலில் நின்று தேடிய தங்கச்சி,
பூமணி