நிறுத்திவைத்த இரண்டாம் பாதி

என் அன்பான அப்பாவுக்கு,

அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். உங்கள் போன் அடிக்கும்வரை எழும்பமாட்டார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நான் அழுவதைக் கண்டால் இன்றைக்கு ரிவியில் மட்ச் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இன்று இறுதிப் போட்டி அப்பா. இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம், சிட்னியில் நடுச்சாமம். எந்த அணிகள் ஆடுகின்றன என்று சொல்லமாட்டேன். பயப்படாதீர்கள், உங்கள் சட்டம் நினைவிருக்கிறது. ஞாயிறு காலை பஸ் ஓட்டப் போகும் வாரங்களில் நீங்கள் மட்சைப் பதிவு செய்துவிட்டு மாலையில்தான் பார்ப்பீர்கள். அதுவரை வீட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை அம்மா சோறு போட்டுக்கொண்டே, "உங்கட ஆக்கள் தோத்திட்டினமாம்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் தட்டைத் தள்ளிவைத்து, "நீர் இனி என்ர போனைத் தொடப்படாது" என்றீர்கள். "அது தானா வந்து காட்டினால் நான் கண்ணைப் பொத்துறதோ?" என்றார் அம்மா.

சிட்னியில் எங்கள் பெண்டில் ஹில் பகுதியில் றக்பி என்றால் எல்லோருக்கும் பதின்மூன்று பேர் ஆடும் றக்பிதான், உங்களுடையது பதினைந்து பேர் ஆடுவது. பக்கத்து வீட்டு அங்கிள் உங்களைக் காணும்போதெல்லாம் கேட்பார்: "சிட்னியில இருந்துகொண்டு இங்கிலீசுக்காரன்ர கிளப்புக்குக் கத்துறியே, உனக்கென்ன விசரே?" நீங்கள் சிரிப்பீர்கள். விசாவுக்காக இங்கிலாந்தில் காத்திருந்த நாட்களில் உங்கள் அறை அந்தக் கிளப்பின் மைதானத்துக்குப் பின்னால் இருந்தது. விளையாட்டு இன்னதென்று தெரியும் முன்பே, ஜன்னல் வழியே வந்த சத்தத்தை வைத்து வென்றார்களா தோற்றார்களா என்று கண்டுபிடித்துவிடுவீர்களாம். ஊர் பேர் தெரியாதவர்களின் சத்தம் ஏன் உங்களுக்கு அவ்வளவு பிடித்தது? நான் கேட்கவே இல்லை.

ஜனவரியில், ஒரு மட்சின் இடைவேளையில், "பிள்ளை, ஒரு தேத்தண்ணி" என்றீர்கள். நான் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீரர்கள் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் கதிரையில் கண்மூடி இருந்தீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களுக்கு ஆட்டம் தவறக் கூடாதென்று ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். பிறகுதான் உங்கள் தோளைத் தொட்டேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உங்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோதும் ரிவியில் அந்த வீரர்கள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். விடிந்த பிறகு யாரோ அணைத்தார்கள்; மிச்ச ஆட்டம் பெட்டியில் பதிவாகிக் கிடக்கிறது. இதயம் ஒரேயடியாக நின்றுவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். நம்புகிறேன். பகலில் நம்புகிறேன்.

எட்டாம் நாள் படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். நண்டுக் கறி, பியர், வாழைப்பழம். நான் இறைச்சி அடைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றைச் சூடாக்கி, மேலே தக்காளி சோஸ் ஊற்றிக் கொண்டுவந்தேன். "இதென்ன பிள்ளை, படையலிலயோ?" என்று ஒரு அன்ரி தடுத்தார். அம்மா, "வைக்கட்டும். மட்ச் நேரம் அவருக்கு அதுதான்" என்றார். கண்டீர்களா?

அதற்குப் பிறகும் நான் ஒரு மட்சையும் விடவில்லை. போர்வைக்குள் மடிக்கணினியை வைத்து, காதில் சின்ன இயர்போனைச் செருகிப் பார்த்தேன். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஜனவரி மட்சின் முடிவு தெரிந்துவிடும். நீங்கள் அறியாததை நான் மட்டும் எப்படி அறிவது?

மணி மாற்றும் கணக்கு எப்போதும் உங்களுடையது. மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கோடைக்காக மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். ஏப்ரலில் எங்கள் கோடை முடிந்து நாங்கள் பின்னுக்கு இழுப்போம். இரண்டு மணிக்குத் தொடங்கிய மட்ச் ஒரு மணிக்கு வரும், பிறகு பன்னிரண்டுக்கு வரும். நான் அவர்களுடையதைக் கணக்குப் பார்த்தேன், எங்களுடையதை மறந்துவிட்டேன். ஒரு மணிக்கு எழும்பித் திறந்தால் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. எரிச்சலோடு தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன்.

ஹோலில் ரிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கதிரையில் அம்மா.

இரண்டு பேரும் பிடிபட்டவர்கள் போல ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மாதான் முதலில் பேசினார். "அப்பான்ர போனில இருக்கிற மட்ச் ஆப் ஒவ்வொரு மட்சுக்கும் அடிக்குது. நிப்பாட்ட மனம் வரேல்ல. நீ ஏன் முழிச்சிருக்கிறாய்?"

"சும்மா."

"சரி, வந்திட்டாய். இதைச் சொல்லு. முன்னுக்குப் போகத்தானே ஓடுறாங்கள், பிறகேன் பந்தைப் பின்னுக்கு எறியிறாங்கள்?"

"முன்னுக்கு எறிஞ்சா ஃபவுல் அம்மா."

"விசர் விளையாட்டு" என்று சொல்லி, அம்மா சத்தத்தைக் கூட்டினார்.

இவ்வளவு மாதமும் ஒரே மட்சைச் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறோம். அடுத்த வாரத்திலிருந்து சேர்ந்தே பார்த்தோம். முதல் நாளே இடைவேளையில் அம்மா சொன்னார்: "பிள்ளை, ஒரு தேத்தண்ணி."

என்னால் எழும்ப முடியவில்லை அப்பா. அம்மாவை அந்தக் கதிரையில் தனியே விட்டுக் குசினிக்குப் போக முடியவில்லை. "நீங்களும் வாங்கோ" என்றேன். அம்மா ஏனென்று கேட்கவில்லை, கூடவே வந்தார். அன்றிலிருந்து இடைவேளைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் எழும்புகிறோம். இரவில் அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கதவடியில் போய் நிற்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மெல்பேர்னுக்கு, வெரிபீயில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகிறோம். மட்சுகள் பதிவாகும் ரிவிப் பெட்டியைத் திங்கட்கிழமை கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு பதிவானதெல்லாம் போய்விடும். நேற்று அம்மா சொன்னார்: "ஃபைனல் முடிய அப்பான்ர மட்சில மிச்சத்தையும் பார்ப்பம். ஆர் வெண்டது எண்டு எனக்குத் தெரியும். சொல்லமாட்டன். சொன்னால் அந்தாள் எழும்பி வந்து ஏசும்."

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பாதியும் முடிந்தால், உங்களுக்காக நிறுத்திவைத்த எதுவும் இந்த வீட்டில் மிஞ்சாது. ஆனால் அந்த வீரர்களும் எவ்வளவு காலம்தான் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார்கள்?

முடிவை உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று செய்வேன், இது உறுதி. இன்றைக்கு இடைவேளையில் அம்மாவைக் கதிரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நான் தனியாகக் குசினிக்குப் போவேன். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நிற்பேன். இடையில் ஓடிவந்து எட்டிப் பார்க்கமாட்டேன்.

உங்கள் போன் அடிக்கிறது. அம்மா செருப்பைத் தேடும் சத்தம் கேட்கிறது. போயிட்டு வாறன் அப்பா.

தேத்தண்ணியோடு திரும்பி வரப்போகும்
உங்கள் மகள்
ஆரணி